துணியில் விழுந்த கோடு

வெண்ணந்தூரில் அந்தத் தெருவுக்குள் நுழைகிற வெளியூர்க்காரர்கள் முதலில் தங்கள் காதைத்தான் தொலைப்பார்கள். பதினான்கு வீடு, முப்பத்தொன்பது விசைத்தறி. விடிந்ததும் ஆரம்பித்தால் விளக்கு வைத்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். தெருக்காரர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பால்காரரிடம் எத்தனை ஆழாக்கு என்பதை விரலால் காட்டுவார்கள். சம்பந்தம் பேச வந்தவர்களிடம்கூடத் தலையை ஆட்டியே பாதி விஷயத்தை முடித்துவிடுவார்கள். அதற்காக அவர்களுக்குப் பேசத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். பேச வேண்டியதைப் பேசாமல் இருக்க அவ்வளவு வசதியான தெரு சுற்றுவட்டாரத்தில் வேறு இல்லை, அவ்வளவுதான்.

கமலவேணி மோகனூர்க்காரி. காவிரிக்கரையில் பிறந்தவளை இந்தக் காய்ந்த சீமையில் கட்டிக்கொடுத்துப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. புருஷன் நாச்சிமுத்து கைத்தறியைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு விசைத்தறி இறக்கிய புதிதில் அவளுக்கு மூன்று நாள் தலைவலி. நாலாம் நாள் அந்தச் சத்தம் ஆடி மாசத்துக் காவிரியாகிவிட்டது. தறிக்குப் பக்கத்தில் நின்று, ஊடுநூலை இழுத்துக்கொண்டு நாடா போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருப்பாள். கண் திறந்திருக்கும், ஆள் இருக்கமாட்டாள். வெள்ளைத் துணி மெல்ல இறங்கிச் சுருளுகிற இடத்தில் தண்ணீர் சுழிக்கும். அக்கரையில் கரும்புப் பூ அசையும். அந்தப் பூக்களுக்கு நடுவில் யாரோ ஒருத்தி நின்று இவளைப் பார்த்துக் கையை ஆட்டிக் கூப்பிடுவாள். வாய் அசைவது தெரியும். என்ன சொல்லுகிறாள் என்பது மட்டும் வெள்ளத்தின் இரைச்சலில் கேட்காது. நாடாவுக்குள் இருக்கிற நூல்தார் தீர்ந்து தறியை நிறுத்தினால் ஆறும் வற்றிவிடும், அவளும் போய்விடுவாள்.

"மோகனூர் போயிட்டு வந்தாச்சா?" என்று நாச்சிமுத்து கேலி செய்வார். அவர் அதிகம் பேசாதவர். ஒரு நாளைக்கு வாயைத் திறப்பதே நாலைந்து தடவைதான், அதில் ஒன்று இந்தக் கேலிக்குப் போய்விடும்.

தறிக்கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் பாலசுந்தரத்தின் வீடு. தெருவுக்கே ஃபிட்டர் அவன். மோட்டார் சுட்டுப்போனாலும், பெல்ட் நழுவினாலும், பல்சக்கரம் தேய்ந்தாலும் அவன்தான் வரவேண்டும். கூப்பிட்டால் சாப்பாட்டிலிருந்துகூட எழுந்து வருவான். வந்தால் முகம் சுளிக்கமாட்டான். பெரியவர்களைக் கண்டால் தோள் துண்டு இடுப்புக்கு வந்துவிடும். "சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்காமல் கமலவேணியைத் தாண்டிப் போகமாட்டான். தெரு முழுக்க அவனைச் சாமி, சாமி என்றுதான் கூப்பிட்டது. இப்படிப் பேரெடுத்தவன் வீட்டுக்குள் என்ன செய்தாலும் அதற்குச் சாட்சி சொல்ல ஆள் கிடைக்காது.

அவன் மனைவி பூவாத்தாள் ஆட்டையாம்பட்டிப் பெண். கல்யாணமாகி மூன்று வருஷம். வந்த புதிதில் தெருக்குழாயில் குடம் நிரம்பி வழிவது தெரியாமல் சிரித்துக்கொண்டு நிற்பாள். பிறகு குடம் நிரம்புவதற்கு முன்பே எடுத்துக்கொண்டு போகிறவளாகிவிட்டாள். காதோரம் ஒரு நாள் வீங்கியிருக்கும். கேட்டால் பல்வலி என்பாள். முழங்கையில் சூடு பட்டிருக்கும். கேட்டால் சோறு வடித்தேன் என்பாள். பிறகு யாரும் கேட்கவில்லை.

அவன் அடிக்கிறான் என்பது தெருவுக்குத் தெரியுமா என்றால், தெரியாது. தெரியாமல் இருப்பதற்கு வேண்டிய ஏற்பாடெல்லாம் தெருவில் இருந்தது. பக்கத்து வீட்டில் குரல் உயர்ந்தால் நம் வீட்டில் நிற்கிற தறியை ஓட்டிவிட வேண்டும். அது அங்கே ஒரு மரியாதை. குளிக்கிற இடத்தைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் போல. நூல் தட்டுப்பாட்டில் கமலவேணியின் இரண்டாவது தறி பாதி நாள் சும்மாதான் நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் முணுமுணுப்புத் தடித்தால் எழுந்து போய் அந்தத் தறியைப் போட்டுவிடுவாள். பாவம், சின்னப் பெண், நாலு பேர் காதில் விழுந்தால் நாளைக்குக் குழாயடியில் எப்படித் தலை நிமிர்வாள் என்று நினைப்பாள். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள்.

எண்பத்திரண்டு ஐப்பசியில் பூவாத்தாள் தண்ணீர்த் தொட்டியடியில் வழுக்கி விழுந்தாள் என்றார்கள். ஐந்தாம் மாசம். ராசிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூன்று நாள் கழித்து வெறும் வயிற்றோடு கூட்டிவந்தார்கள். கமலவேணிதான் ஒரு மாசம் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். பாலசுந்தரம் வாசலில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதான். தெருவில் கண் கலங்காதவர்கள் இல்லை.

அடுத்த வருஷம் எண்பத்து மூன்று. மழை பொய்த்து, மேட்டூரில் தண்ணீர் இறங்கி, மாசி மாசத்திலிருந்து மின்வெட்டு வந்தது. தினமும் மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை கரண்டு இருக்காது. முதல் நாள் முப்பத்தொன்பது தறியும் ஒரே மூச்சில் நின்றபோது தெரு திகைத்துப்போனது. நாச்சிமுத்து கத்திப் பேசிக்கொண்டிருந்தவர் தன் குரலைக் கேட்டுத் தானே கூச்சப்பட்டு நிறுத்திக்கொண்டார். வேப்ப மரத்தில் குருவிகள் இருப்பது தெரிந்தது. நாலு வீடு தள்ளி யாரோ இருமினார்கள். எங்கேயோ ஒரு செம்பு கவிழ்ந்து உருண்டு உருண்டு, நின்றது. பஞ்சுத்தூசி மட்டும் வெயிலில் இறங்கிக்கொண்டே இருந்தது. கமலவேணி வாசல்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வற்றி மணல் தெரிகிறது என்று அவளுக்குத் தோன்றியது. மணலில் என்னென்ன கிடக்குமோ என்று ஒரு பயமும் வந்தது.

சித்திரையில் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் காலை பதினொரு மணிக்கே கரண்டு போனது.

சுவருக்கு அந்தப் பக்கம் குரல் தடித்து, கமலவேணி அப்போதுதான் இரண்டாவது தறியைப் போட்டுவிட்டு நின்றிருந்தாள். வெள்ளம் வந்துவிட்டது, கரும்புப் பூ அசைந்தது, அக்கரைக்காரி கையை ஆட்டினாள். சட்டென்று எல்லாம் நின்றது. அந்த நிசப்தத்தில் அவள் கூப்பிடுவது முதல் தடவையாகக் கேட்டது. "அக்கா" என்றாள். அக்கரையிலிருந்து இல்லை, சுவருக்குப் பின்னாலிருந்து. ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதுபோல் சத்தம் மூன்று தடவை வந்தது. நாலாவது வரவில்லை. அடித்த கைக்கும் தெரு அமைதியாகிவிட்டது தெரிந்துவிட்டது.

கதவு திறந்தது. பாலசுந்தரம் தோளில் துண்டைப் போட்டபடி வெளியே வந்தான். "கரண்டு போயிருச்சுங்களாக்கா? இன்னைக்கு நேரத்துலயே புடுங்கிட்டானுங்க" என்று சிரித்தான். கமலவேணியின் வாய் தானாகவே, "ஆமா சாமி" என்றது. அந்தச் சாமியை வாயிலிருந்து பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. பதினான்கு வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் கேட்டிருந்தது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. அரை மணி கழித்துக் கரண்டு வந்ததும் தறிகளைப் போடுவதில் அன்றைக்கு இருந்த அவசரம் தீபாவளி நெருக்கத்தில்கூட இருந்ததில்லை.

மறுநாள் அவன் சாமான் வாங்கக் குமாரபாளையம் போயிருந்த நேரம் பார்த்துக் கமலவேணி அந்த வீட்டுக்குள் போனாள். பூவாத்தாள் சுவரில் சாய்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மறுபடியும் ஐந்து மாசம். எழுந்திருக்கப் போனவளைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். தொட்டதும் அந்தத் தோள் சுருங்கியது. கமலவேணி சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் கேட்டாள். எவ்வளவு நாளாக, எதற்காக, எதைக் கொண்டு அடிக்கிறான் என்று. குழம்பில் உப்புக்காக, குழாயடியில் சிரித்ததற்காக, ஒன்றுமே இல்லாததற்காக என்று பதில் வந்தது. உனக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்றுதான் ஒவ்வொரு தடவையும் தறியைப் போட்டேன், கண்ணு, என்று கமலவேணி சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளுக்குள் ஒரு சின்ன எதிர்பார்ப்பு இருந்தது. நன்றியாக ஒரு வார்த்தை வரும் என்று.

பூவாத்தாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீங்க மனசு நோகக் கூடாதுங்கக்கா. உங்க ரெண்டாவது தறி ஓட ஆரம்பிச்சதுக்கு அப்பறந்தானுங்க அவிய கதவைச் சாத்துவாங்க. அதுவரைக்கும் வாயிலதான் பேசிட்டு இருப்பாங்க. நீங்க போடறதுக்குக் காத்துக்கிட்டு நிப்பாங்க."

கமலவேணி முறத்தைத் தள்ளிவிட்டு அவள் பக்கத்தில் நகர்ந்தாள். "ஐப்பசியில... அன்னைக்கும்?"

"அன்னைக்கும் போட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் போனது. கமலவேணி வீட்டுக்கு வந்து தறிக்கூடத்தில் இரண்டு தறிக்கும் நடுவில் உட்கார்ந்தாள். ஐப்பசியில் அன்றைக்கு நெய்த துணி அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வேட்டித் துணி. ராசிபுரத்து வியாபாரி அதை விரித்து வெளிச்சத்தில் பிடித்து, ஒரு குறை இல்லை, கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று மெச்சினார். அந்த மெச்சலில் இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தாள். ஒரு குழந்தை போன நாளில் ஒரு இழைகூட அறுபடாமல் நெய்திருக்கிறாள். கமலவேணி வாய்விட்டு அழுதாள். தறி ஓடிக்கொண்டிருந்ததால் நாச்சிமுத்துவுக்கு அது கேட்கவில்லை.

அன்று மத்தியானம் மின்வெட்டில் அவரிடம் சொன்னாள். இனிமேல் அந்தப் பக்கம் குரல் தடித்தால் இரண்டாவது தறியைப் போடப் போவதில்லை, ஓடுகிற முதல் தறியையும் நிறுத்தப் போகிறேன் என்றாள். நாச்சிமுத்து பீடியைப் பற்ற வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். தார் தீருகிற இடத்தில் பதம் பார்த்து நிறுத்துவது வேறு, நல்ல ஓட்டத்தில் சட்டென்று நிறுத்துவது வேறு. எவ்வளவு கெட்டிக்காரன் மறுபடி எடுத்து ஓட்டினாலும் அந்த இடத்தில் துணிக்குக் குறுக்கே ஒரு கோடு விழும். மின்வெட்டுக் கோட்டை வியாபாரி பொறுத்துக்கொள்வார், அது சர்க்கார் போட்ட கோடு. நாமாகப் போடுகிற கோட்டுக்கு என்ன பதில் சொல்வது? அதோடு, நாளைக்கு நம் மோட்டார் நின்றால் யார் வருவார்கள்? இதையெல்லாம் அவர் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்தது. கடைசியில் அவர், உன் ஒரு தறி நின்றால் மிச்சம் இருக்கிற சத்தத்தில் அவனுக்குத் தெரியவா போகிறது என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனார். சரியான கேள்வி. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் கமலவேணி தெருவில் இறங்கினாள்.

தினமும் இரண்டிலிருந்து நாலு மணி வரை அவள் வீடு வீடாகப் போனாள். வேலை நின்ற நேரம், பேச ஆள் கிடைக்கும். பூவாத்தாள் சொன்னதை அப்படியே சொன்னாள். கூட்டாமல், குறைக்காமல், நானும் போட்டேன் என்பதையும் சேர்த்து. முதல் வீட்டுக்காரி, அது அவர்கள் வீட்டுச் சமாச்சாரம் என்றாள். இரண்டாவது வீட்டில், இவ்வளவு நல்ல பையன் அடிக்கிறான் என்றால் இவள் என்ன செய்தாளோ என்றார்கள். அப்படியானால் உன் மகள் சோறு குழைய வடிக்கிறாளே, அவளுக்கு எத்தனை அடி என்று கமலவேணி கேட்டதும் அங்கே பேச்சு நின்றது. ஆட்டையாம்பட்டிக்குச் சொல்லி அனுப்பலாம் என்றாள் ஒருத்தி. போன தடவை பூவாத்தாளின் அப்பன் வந்து மாப்பிள்ளைக்கு இரண்டு வார்த்தை புத்தி சொல்லிவிட்டுக் கறிச்சோறு தின்றுவிட்டு பஸ் ஏறிப் போனதைக் கமலவேணி ஞாபகப்படுத்தினாள். ஸ்டேஷன் என்று ஒருத்தி ஆரம்பித்ததும் எல்லோரும் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

ஆனால் அவள் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. சண்டைக்குப் போகவேண்டாம், கதவைத் தட்டவேண்டாம். என் தறியோ உங்கள் பக்கத்து வீட்டுத் தறியோ நின்றால் உங்களுக்குத் தெரியும் அல்லவா, உடனே உங்கள் வீட்டு பல்பைப் பாருங்கள். பல்பு எரியாவிட்டால் கரண்டு போயிருக்கிறது. எரிந்துகொண்டிருந்தால், நிறுத்தியது நான். நீங்களும் நிறுத்திவிட்டு வாசலுக்கு வாருங்கள், சும்மா நில்லுங்கள். அவ்வளவுதான். இதைக் கேட்டு யோசித்தவர்கள் உண்டு. தலையாட்டியவர்கள் ஏழெட்டுப் பேர். தலையாட்டல் என்பது அந்தத் தெருவில் ஆமாம் என்றும் ஆகும், போய்வா என்றும் ஆகும்.

தெருக்கோடியில் சென்னியம்மாள். புருஷனை இழந்து, தனியாளாக எட்டுத் தறி வைத்து நடத்துகிறவள். அவள் வேண்டாம் என்றால் பாதித் தெரு வேண்டாம் என்றுவிடும். கயிற்றுக்கட்டிலில் படுத்தபடியே கேட்டாள். என் தறி எதற்கும் நிற்காது, அவர் செத்து எடுத்ததற்கு மறுநாளே ஓட்டினவள் நான் என்றாள். சத்தம் இருப்பதால்தானே அவன் துணிந்து அடிக்கிறான் என்று கமலவேணி கெஞ்சினாள். அப்போதுதான் சென்னியம்மாள் எழுந்து உட்கார்ந்தாள்.

"நான் வாக்கப்பட்டு வந்தப்ப இங்க எல்லாமே கைத்தறி. அவரு என்னைய அடிச்சா இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் கேக்கும். சத்தம் எதையும் மறைக்கலை. ஒருத்தரும் வரலை. உன்ற மாமியாகூடக் கதவைச் சாத்திக்கிட்டா. இப்ப வந்து தறிமேல பழி போடறீங்களா?"

கமலவேணி எழுந்தாள். நாலு மணி ஆகிவிட்டது. சென்னியம்மாளின் எட்டுத் தறியும் ஒன்றாகக் கிளம்பின. வீடு திரும்பும் வழியெல்லாம் எந்தச் சத்தமும் அவள் காதில் ஏறவில்லை. அன்று கண்ணயர்ந்தபோது ஆறு வந்தது. அக்கரையில் இப்போது ஒருத்தி இல்லை, வரிசையாக நிறையப் பேர் நின்றிருந்தார்கள். நரைத்த தலைகள், நெசவுக்காரத் தெருப் பெண்கள் எல்லோரும். ஒருத்தியும் கையை ஆட்டவில்லை.

பதினொரு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பன்னிரண்டாம் நாள், வைகாசி பிறந்திருந்தது, காலை பத்து மணி இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் குரல் தடித்தது.

கமலவேணியின் கை பழக்கத்தில் இரண்டாவது தறியின் கைப்பிடிக்குத்தான் போனது. தொட்டதும் சூடு பட்டதுபோல் எடுத்துக்கொண்டாள். முதல் தறி நாச்சிமுத்துவின் கையில் ஓடிக்கொண்டிருந்தது. நாலு எட்டில் போய் நிறுத்திவிடலாம். அவர் தடுப்பாரா, தடுத்தால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். அவள் போய்ச் சேருவதற்குள் அவரே கைப்பிடியைத் தள்ளினார். நாடா பாதி வழியில் நின்றது. தலைக்கு மேல் பல்பு எரிந்துகொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

வாசலுக்கு வந்து நின்றார்கள். தெரு இரைந்துகொண்டுதான் இருந்தது. பாலசுந்தரம் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மற்றவர்கள் சத்தம் போதும் என்று இன்றைக்கு அவன் இவளுக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு நிமிஷம் போனது. வரமாட்டார்கள் என்று கமலவேணி முடிவு கட்டினாள். பூவாத்தாளின் வயிறு அவள் கண்ணுக்கு முன்னால் நின்றது. கதவை உடைக்கலாமா என்று முன்னால் ஓர் அடி வைத்தாள்.

எதிர் வீட்டில் ஒரு தறி நின்றது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இரண்டு வீடு தள்ளி மூன்று. மேகத்தின் நிழல் வயலில் நகர்வதுபோல் நிசப்தம் தெருவில் வீடு வீடாக நகர்ந்து போனது. ஆட்கள் பஞ்சு ஒட்டிய தலையோடு வாசலுக்கு வந்தார்கள். போய்வா என்று தலையாட்டியதாக அவள் நினைத்தவர்களும் வந்திருந்தார்கள். கடைசியில் தெருக்கோடியில் சென்னியம்மாளின் எட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். எட்டு ஏழானது. ஆறானது. காதால் எண்ணிக்கொண்டு நின்றார்கள். ஒன்று மட்டும் கொஞ்ச நேரம் தனியாக அடித்துக்கொண்டிருந்து, அதுவும் நின்றது.

நல்ல பகல், நல்ல வெயில், கரண்டு இருக்கிறது, தெருவில் ஒரு சத்தம் இல்லை. கனவில் நிற்பதுபோல் எல்லோரும் நின்றார்கள். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து பாலசுந்தரத்தின் குரல் தெளிவாக வந்தது. அந்தக் குரலைத் தெரு அதுவரை கேட்டதில்லை. அவன் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. அது தெருவில் வந்து விழுந்தது. அடுத்த வார்த்தை பாதியில் நின்றது.

கதவைத் திறந்துகொண்டு வந்தான். முகத்தில் சிரிப்பைப் பூசிக்கொண்டுதான் வந்தான். "கரண்டு போயிருச்சுங்களா" என்று வழக்கம்போல் ஆரம்பித்தான். அவன் தலைக்கு மேலேயே, நிலைப்படிக்கு உள்பக்கம், ஃபிட்டர் மேஜைக்காக அவனே மாட்டிய பல்பு எரிந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து அதைப் பார்த்தான். எதிர் வீட்டைப் பார்த்தான், அங்கேயும் எரிந்தது. வரிசையாக ஒவ்வொரு வீட்டு வாசலையும், அங்கே நின்ற முகங்களையும் பார்த்தான். தறியைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. கரண்டு இருக்கும்போது முப்பத்தொன்பது தறி ஒன்றாகப் பழுதாகாது என்று அவனுக்குத் தெரியும்.

"கரண்டு இருக்குது மாப்ளே" என்றார் நாச்சிமுத்து. அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு அது. "நாங்கதான் நிறுத்தினோம்."

சிரிப்பு அவன் முகத்தில் கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்துவிட்டுப் போனது. இது வீட்டு விஷயமுங்க மாமா என்று முனகினான். அதற்குள் சென்னியம்மாள் தெருக்கோடியிலிருந்து நடந்து வந்துவிட்டாள். பின்னால் அவளிடம் தறி ஓட்டுகிறவர்கள் வந்தார்கள். அவள் அவனைப் பார்க்கவே இல்லை, கதவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"பூவாத்தா, வெளிய வா கண்ணு. எல்லாரும் வந்துட்டோம்."

பூவாத்தாள் வந்தாள். தலை கலைந்திருந்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்திருந்தாள். நிலைப்படியில் நின்று தெருவைப் பார்த்தவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கமலவேணி போய் அவள் கையைப் பிடித்தாள். தோளைச் சுருக்காமல் அந்தக் கை அவள் கைக்குள் வந்தது. தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்த் தண்ணீர் கொடுத்தாள். சென்னியம்மாள் அங்கேயே நின்று, நீ கை ஓங்கினால் தறி நிற்கும், தறி நின்றால் உனக்கும் சோறில்லை, எங்களுக்கும் இல்லை, எத்தனை நாள் ஆனாலும் பார்த்துவிடலாம் என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனதாக நாச்சிமுத்து பிறகு சொன்னார். அவள் குரலை உயர்த்தவில்லையாம்.

அந்த வாரம் துணியை எடுத்துப்போனபோது ராசிபுரத்து வியாபாரி ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். சர்க்கார் கோடு தெரிகிறது, அது எல்லா ஊர்த் துணியிலும் இருக்கிறது. ஆனால் உங்கள் தெருத் துணியில் மட்டும் கூட ஒரு கோடு இருக்கிறதே, தறி இருக்கிற அத்தனை வீட்டுத் துணியிலும் இருக்கிறதே, தெருவுக்கே ஏதாவது பேய் பிடித்ததா என்று கேட்டார். பேய் ஒன்றை இறக்கினோமுங்க என்றார் நாச்சிமுத்து. வியாபாரி அந்தத் துணிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஒரே நாளில் பாலசுந்தரம் திருந்திவிட்டான் என்று சொன்னால் நீங்களும் நம்பமாட்டீர்கள், நானும் சொல்லமாட்டேன். ஆடிக்குள் தறிகள் இன்னும் இரண்டு தடவை நின்றன. இரண்டாவது தடவை முதல் தறி நின்றதுமே அவன் கதவைத் திறந்துகொண்டு போய் வேப்ப மரத்தடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பூவாத்தாளை ஆட்டையாம்பட்டிக்குப் பேறுகாலத்துக்கு அனுப்பியபோது கமலவேணியும் சென்னியம்மாளும் கூடப் போய், அவள் அப்பனிடம் உட்கார்ந்து பேசிவிட்டு, கறிச்சோறு தின்னாமல் வந்தார்கள். பெண் குழந்தை பிறந்தது. ஆறு மாசம் ஆகியும் பூவாத்தாள் திரும்பவில்லை. அவன் மூன்று தடவை போனான். மூன்றாவது தடவை அவள் ஒரே ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பினாள். அவன் ஊருக்கு வந்து, பட்டப்பகலில், தெரு பார்க்கத் தன் ஸ்பேனரை எடுத்து வீட்டுக் கதவின் உள்தாழ்ப்பாளைத் தானே கழற்றினான். அதற்குப் பிறகுதான் அவள் வந்தாள். வந்த பிறகும் தெரு காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தது.

வந்த அன்றே பூவாத்தாள் கமலவேணியிடம், அந்தக் கோடு விழுந்த துணி இருந்தால் கொடுங்கக்கா என்று கேட்டாள். திருப்பி அனுப்பியது அப்படியே மடித்துக் கிடந்தது. அதில் ஒரு பாகத்தைக் கிழித்துத் தறிக்கூடத்து உத்தரத்தில் தொட்டில் கட்டினார்கள். தறி ஓடினால் குழந்தை தூங்கும். மின்வெட்டு வந்தால் விழித்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி அழும். கேட்டதும் நாலு வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும், அவ்வளவு பழகிப்போயிருந்தது.

கமலவேணி தொட்டிலை ஆட்டிக்கொண்டு நிற்பாள். தொட்டிலின் வயிற்றில் குறுக்காக ஓடிய அந்தக் கோட்டை விரலால் தடவுவாள். ஆறு வரும். அக்கரையில் யாரும் இருக்கமாட்டார்கள், பூ மட்டும் அசையும். ஆனால் முழுச் சந்தோஷமாக அவளால் ஒரு நாளும் இருக்க முடிந்ததில்லை. ஐப்பசியில் நெய்த அந்த இன்னொரு துணி, ஒரு குறையும் இல்லாத துணி, எந்த ஊரில் யார் இடுப்பில் இருக்கிறதோ. சந்தையிலும் பஸ்ஸிலும் வெள்ளை வேட்டி கட்டிய யாரைப் பார்த்தாலும் அவள் கண் அந்த வேட்டியில் ஒரு கோடு இருக்கிறதா என்றுதான் தேடும்.